தித்திப்பு கொஞ்சம் தூக்கல்

"இன்னிக்கு கேக்ல தித்திப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே?"

காலைக் காபிக்குத் துணையாக வைத்த கேக்கைக் கடித்தபடி வீட்டுக்காரர் இதைச் சொன்னதும், டெய்லரம்மாவின் கைக்கரண்டி அந்தரத்தில் நின்றது. அந்தக் கேக்கில் சர்க்கரை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. ஊறவைத்து அரைத்த பேரீச்சம்பழம், வேகவைத்து மசித்த ஆப்பிள், பாதி மைதாவுக்குப் பதில் பொடித்த ஓட்ஸ், வெண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் கெட்டித் தயிர். சர்க்கரை, மேலே தூவிய சிட்டிகை மட்டும்தான்.

அவளுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். ஜெயித்துவிட்டோம்!

போன வாரங்களில் இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

டெய்லரம்மாவின் வீட்டுக்காரர் பிஸ்கட் ஃபாக்டரியில் ருசி பார்ப்பவர். அந்த வேலைக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஆனால் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் 'நாக்கு சார்'தான். ஒருமுறை யார் வீட்டிலோ டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இந்தப் பால் பொங்கினப்ப புருஷன் பொண்டாட்டி சண்டை நடந்திருக்கு" என்றாராம். நடந்திருந்தது. இன்னொரு முறை பிஸ்கட்டைக் கடித்து, மாவு பிசைந்தவருக்கு ஜலதோஷம் என்று கண்டுபிடித்ததில், மூன்று நாள் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தெரு எறும்புகள்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் சர்க்கரை டப்பாவில் ஏறும் என்பார்கள். இது மிகை. சில எறும்புகள் கேட்பதில்லை.

அப்பேர்ப்பட்டவரின் ரத்தத்தில்தான் சர்க்கரை ஏறி உட்கார்ந்துகொண்டது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "கண்ணு, கிட்னி, காலு, எது முதல்ல போகும்னு நீங்களே சொல்லுங்க" என்று மெனு கார்டு நீட்டுவதுபோல் கேட்டார். ஃபாக்டரியில் அவர் மென்று துப்பிவிடுவார். விழுங்குவதெல்லாம் வீட்டில்தான். காலையில் கேக், மாலையில் புட்டிங், டிவி முன்னால் ஐஸ்கிரீம்.

குறைக்கச் சொன்னால் கேட்டாரா? "சர்க்கரை கம்மியான பண்டத்தை என் முன்னாடி வச்சா, நான் எழுந்து நின்னு ஒரு நிமிஷம் மௌனமா இருப்பேன்" என்றார்.

டெய்லரம்மா வாதாடவில்லை. அவளுக்குத் தெரிந்தது தையல். ஒரு ரவிக்கையின் தையலை ஒரே நாளில் பிரித்துத் தளர்த்தினால், "என்னடி இது தொளதொளன்னு" என்று சண்டைக்கு வருவார்கள். வாரம் ஒரு நூல் பிரித்தால், தாங்கள் இளைத்துவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். அந்தக் கணக்கில் அவள் சர்க்கரையில் வாரம் அரைக் கரண்டி பிரித்தாள். குறைந்தது தெரியாமலிருக்க வெனிலாவைக் கூட்டினாள். ஒரு கல் உப்பு சேர்த்தாள். சூடாகவே பரிமாறினாள், ஏனென்றால் சூட்டில் நாக்கு கொஞ்சம் ஏமாளி. கனிந்த வாழைப்பழத்தை வில்லை போட்டு ஃப்ரீஸரில் உறைய வைத்து மிக்ஸியில் அடித்துக் கொடுத்தபோது, "ஐஸ்கிரீம்னா இதுடி!" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஊட்டினார்.

அந்த மனுஷர்தான் இன்று, சர்க்கரையே இல்லாத கேக்கைத் தித்திப்பு என்கிறார்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்படியாங்க? நாளைக்குக் கொஞ்சம் குறைச்சுடறேன்" என்றாள்.

"ஃபாக்டரியிலயும் இதே கதைதான்" என்றார் அவர், வாயைத் துடைத்துக்கொண்டே. "மாவும் சர்க்கரையும் கலக்கற கலவைக்காரன் கை நீண்டுபோச்சு. பேட்ச் பேட்சா தித்திப்பு அள்ளுது. நானும் திருப்பித் திருப்பி அனுப்பறேன், கேட்க மாட்டேங்கறான்."

டெய்லரம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எப்பலேர்ந்துங்க?"

"கொஞ்ச நாளா. இன்னிக்கு மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டிருக்கார். எல்லார் முன்னாடியும் வச்சு ருசி பார்க்கணுமாம். தப்பு யார் பேர்லயோ, அவங்க வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"யாருங்க போவாங்க?"

"என்ன கேள்வி இது? நாக்கா போகும்?"

சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டது. டம்ளரில் இருந்த தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தார். இன்னொரு தடவை கொப்பளித்தார். மீதிக் கேக்கைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

மகள் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பத் தலைவாரிக்கொண்டிருந்தாள். இந்தச் சதியில் அவளுக்கும் பங்குண்டு. வாரா வாரம் அப்பாவின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மெஷினில் வைத்துப் பார்ப்பது அவள்தான்.

"நாம நாக்கைக் கெடுத்துட்டோம்டி!"

"யார் நாக்கை?"

"அப்பா நாக்கை! அவருக்கு இப்ப சாதாரண பிஸ்கட்டே தித்திக்குது. பாவம், அந்தக் கலவைக்காரர் மேல பழி போடறார்."

மகளின் சீப்பு பாதியில் நின்றது. "ஐயோ அம்மா. அளவுகோலையே சுருக்கிட்டு, துணி நீளம்னு சொல்ற மாதிரி ஆயிடுச்சே!"

"வியாக்கியானம் அப்புறம் பண்ணு. இப்ப என்ன செய்யறது?"

"சொல்லிடு."

"சொன்னா அவர் வீட்டுல கை நனைப்பாரா? வெளியில போய்க் கண்டதையும் தின்னுட்டு வருவார். போன வாரம்தான் மெஷின்ல நல்ல நம்பரா வந்துச்சு."

"சொல்லாட்டி?"

அதற்குப் பதில், வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. கொழுந்தனாரின் வேன். ஃபாக்டரி பிஸ்கட்டைக் கடைகடையாகக் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. போகிற வழியில் அண்ணி வீட்டில் காபி குடிக்காவிட்டால் அவர் வண்டிக்கு கியர் விழாது.

"அண்ணி, கூத்து தெரியுமா? கடைக்காரனுங்க எல்லாம் என் சட்டையைப் பிடிக்கறானுங்க. 'உங்க முதலாளிக்குச் சர்க்கரை கிடைக்கலையா? பிஸ்கட் அட்டை மாதிரி இருக்கு'ங்கறானுங்க. அண்ணன் என்னடான்னா தித்திப்புங்கறார்!"

"தித்திப்பு இல்லையா அதுல?"

"மருந்துக்குக்கூட இல்ல. நேத்து ஒரு கடைநாய்க்குப் போட்டேன். மோந்து பார்த்துட்டு என்னைப் பாவமாப் பார்த்துச்சு. தன் பங்கு எலும்பை எனக்குக் கொடுத்துடுமோன்னு பயந்து ஓடி வந்துட்டேன்."

மகள் சிரித்தாள். டெய்லரம்மாவுக்குச் சிரிக்க வரவில்லை. "அப்ப கலவைக்காரர்?"

"தராசெல்லாம் செக் பண்ணிட்டாங்க. சரியா இருக்கு. ஒண்ணு அவர் கை தப்பு, இல்ல அண்ணன் நாக்கு தப்பு. அண்ணன் நாக்கு தப்புன்னு சொல்ல எவனுக்கு நாக்கு இருக்கு? மத்தியானம் அந்த மனுஷனை மூட்டை கட்டச் சொல்லிடுவாங்க."

டெய்லரம்மா தையல் மெஷினைத் துணி போட்டு மூடினாள். அடுத்த நாளைக்குக் கொடுக்க வேண்டிய கல்யாண ரவிக்கை பாதியில் கிடந்தது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீதிக் கேக்கை டப்பாவில் போட்டு மூடினாள்.

"வண்டியை எடுங்க தம்பி."

"காபி, அண்ணி?"

"வந்து தரேன்."

அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் காபி இல்லாமல் வேனுக்கு கியர் விழுந்தது.

ஃபாக்டரியை நெருங்கும்போதே வெண்ணெயும் மாவும் வேகிற வாசனை ரோட்டில் இறங்கி நின்றது. வேறொரு நாளாக இருந்தால் இழுத்து மூச்சு விட்டிருப்பாள். இன்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கேட்டுக்கு உள்ளே ஒரு பெஞ்சு. அதில் கலவைக்காரர் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, இன்று பாதியாகச் சுருங்கியிருந்தது. மடியில் ஒரு பை. உள்ளே இருந்த தன் வேலைச் சட்டையையும் தொப்பியையும் அவர் ஏற்கெனவே மடித்து வைத்துவிட்டது வெளியே தெரிந்தது.

"வாங்க அண்ணி. அண்ணனுக்குச் சாப்பாடா?"

அவளால் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "ஏங்க, பையெல்லாம் எதுக்கு இப்பவே?"

"கூப்பிட்டுச் சொன்னப்புறம் மடிச்சா கை நடுங்கும். அதான். அண்ணனை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன் அண்ணி. அவர் நாக்குக்குத் தப்புன்னு பட்டா தப்புதான். என்னான்னு புரியாம, ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சேன். அப்பவும் தித்திப்புங்கறார். இப்பெல்லாம் தராசு முள்ளே என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கு. வீட்டுல என் டீக்குச் சர்க்கரை போடறதைக்கூட சம்சாரத்துக்கிட்ட விட்டுட்டேன். கை மேல நம்பிக்கை போயிடுச்சு."

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாராம்! வீட்டு அடுப்படியில் அவள் குறைக்க, அதைப் பார்க்காமலே இவர் இங்கே குறைக்க, நடுவில் ஊரெல்லாம் அட்டையைத் தின்றுகொண்டிருக்கிறது.

"அவரைக் கொஞ்சம் கூப்பிடச் சொல்லுங்க" என்றாள் வாட்ச்மேனிடம்.

"ருசி பார்க்கறதுக்கு முன்னாடி சார் யார்கிட்டயும் பேச மாட்டாரேம்மா."

"வீட்டுல தீன்னு சொல்லுங்க."

அடுத்த நொடி நாக்கு சார் ஓடி வந்தார், வெள்ளைக் கோட்டும், முடி உதிராமல் போடும் வலைத்தொப்பியுமாக. தீ இல்லை என்று தெரிந்ததும் மூஞ்சி சிவந்தது. அவளை மாவு மூட்டைகள் அடுக்கியிருந்த ஷெட்டுப் பக்கம் இழுத்துப் போனார்.

"அறிவிருக்கா? இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்பிடப் போறாங்க. வாயைத் திறக்கக் கூடாது நான்."

"நீங்க திறக்க வேணாம். கேட்டாப் போதும்." அவள் டப்பாவைத் திறந்து காட்டினாள். "இந்தக் கேக்ல சர்க்கரை இல்லைங்க."

அவர் முறைத்தார்.

"போன வாரத்துல கால்வாசி இருந்துச்சு. அதுக்கு முன்னாடி பாதி. டாக்டரைப் பார்த்துட்டு வந்த நாள்லேர்ந்து வாரா வாரம் குறைச்சுக்கிட்டு வந்தேன். ஐஸ்கிரீம் வெறும் வாழைப்பழம். புட்டிங்ல போட்டது பேரீச்சம்பழம். உங்க நாக்கு அதுக்குப் பழகிடுச்சு. அவர் கை நீளலைங்க. நான்தான் உங்க நாக்கைப் பிடிச்சுத் தச்சுட்டேன்."

உள்ளே எங்கோ மாவு உருட்டும் மெஷின் ஓடி நின்றது. அவர் ஒரு மூட்டையின் மேல் மெல்ல உட்கார்ந்தார். கோட்டில் மாவு ஒட்டியது. அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

"என் நாக்குல கை வைக்க உனக்கு யாரு சொன்னது?"

"டாக்டர்."

"அவர் ரத்தத்துலதானே கை வைக்கச் சொன்னார்?"

"ரத்தத்துக்கு வேற வாசல் எங்கங்க இருக்கு? வாய் வழியாத்தானே போகணும்!"

கத்தப் போகிறார் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அவர் கத்தவில்லை. வேறு எதையோ கேட்டார். இவ்வளவு சின்னக் குரல் அவருக்கு உண்டு என்பதே அவளுக்கு இன்றுதான் தெரியும்.

"அப்ப... நாக்கு போகலையா?"

"என்னங்க?"

"எல்லாமே தித்திக்குதுடி எனக்கு. பன்னு தித்திக்குது. பால் தித்திக்குது. வியாதி நாக்குல ஏறிடுச்சுன்னு நினைச்சேன். உன் கையால செஞ்சது மட்டும்தான் சரியா இருந்துச்சு. இன்னிக்குக் காலையில அதுவும் தித்திச்சுதா... சரி, முடிஞ்சுதுன்னு எழுந்து வந்துட்டேன்."

அவள் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தாள். "அப்படித் தெரிஞ்சுமா அந்த மனுஷர் மேல பழி போட்டீங்க?"

"தெரியாது." இப்போதுதான் கோட்டில் ஒட்டிய மாவைத் தட்டினார். "தெரிஞ்சுக்கப் பயம்."

உள்ளேயிருந்து யாரோ, "நாக்கு சார்! மேனேஜர் கூப்பிடறார்!" என்று குரல் கொடுத்தார்கள்.

அவர் எழுந்தார். டப்பாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். உள்ளே போனார். போனவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவர் முதுகைப் பார்த்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷமாகச் சட்டை தைத்துக் கொடுத்த முதுகு அது.

கலவைக்காரரையும் கூப்பிட்டார்கள். அவர் பையை பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனார். டெய்லரம்மா அந்தப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வாட்ச்மேன் தண்ணீர் கொடுத்தார். வாங்கினாள், குடிக்க மறந்தாள். கதவுக்கு அப்பால் தட்டு வைக்கிற சத்தம். யாரோ இருமினார்கள். அப்புறம் நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிஸ்கட்டை மெல்லுகிற சத்தம்கூடக் கேட்கவில்லையே, மெல்லாமல் என்ன செய்கிறார் இந்த மனுஷர்?

கதவு திறந்தது. கலவைக்காரர்தான் முதலில் வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. பையை எடுத்தார். அவள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

அவர் பைக்குள் கைவிட்டுத் தொப்பியை எடுத்து உதறி, தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

"அண்ணன் பிஸ்கட்டைத் தொடவே இல்ல அண்ணி. 'தப்பு இவர் கையில இல்ல, என் நாக்குல'ன்னு சொல்லிட்டார். எல்லார் முன்னாடியும்." சொல்லிவிட்டு, கலவை ஹாலைப் பார்த்து விடுவிடுவென்று நடந்தார்.

நாக்கு சார் வர இன்னும் நேரமாயிற்று. வந்தபோது கோட்டு கையில் இருந்தது.

"என்னங்க சொன்னாங்க?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

வேனில் மூன்று பேரும் உட்கார்ந்து வந்தார்கள். கொழுந்தனாருக்கே பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு திருப்பத்தில் மட்டும், "காபி..." என்று ஆரம்பித்தார். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை முழுங்கிவிட்டார்.

வீட்டில் மகள் மெஷினோடு காத்திருந்தாள். கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். "விரலைக் காட்டுங்கப்பா, படபடப்புல ஏறியிருக்கப் போகுது" என்று குத்தினாள். மெஷின் யோசித்துப் பதில் சொன்னது. அவள் திரும்பவும் பார்த்தாள்.

"அப்பா! இவ்வளவு நல்லா வந்ததே இல்ல!"

யாரும் சந்தோஷப்படவில்லை.

"மேனேஜர் ஒரு வாரம் கொடுத்திருக்கார்" என்றார் அவர், நாற்காலியில் சாய்ந்து. "'ஊருக்கு விக்கற பிஸ்கட்டுக்கு ஊர் நாக்குதான் வேணும். உங்க நாக்கைப் பழையபடி கொண்டு வாங்க. வராட்டி ஸ்டோர்ல உட்காருங்க'ன்னுட்டார். டப்பா எண்ணற வேலை."

"பழையபடின்னா?" என்றாள் மகள்.

"பழையபடி சாப்பிடணும்."

"மென்னு துப்பிடுங்களேன் அப்பா. ஃபாக்டரில துப்பறீங்கல்ல?"

"ஃபாக்டரில துப்பினது நாக்குல நிக்கல, வீட்டுல முழுங்கினதுதான் நின்னுச்சு. நாக்கு மட்டும் நம்பினாப் போதாதும்மா, வயிறும் சாட்சி சொல்லணும்."

"கண்ணு போயிடும்பா!"

"கண்ணு போனாலும் ருசி பார்க்கலாம். நாக்கு போனா நான் யாரு?"

மகள் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். டெய்லரம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியாது. கை பாட்டுக்குப் பாத்திரத்தை எடுத்தது, மாவைச் சலித்தது, முட்டையை அடித்தது. சர்க்கரை டப்பாவின் மூடியைத் திறந்தபோதுதான் கை நின்றது.

அவர் வந்து பின்னால் நிற்பது தெரிந்தது.

"எவ்வளவுங்க போடட்டும்?"

திரும்பினாள். உலகத்திலுள்ள பண்டத்துக்கெல்லாம் உப்பு, காரம், தித்திப்பு இன்ன அளவு என்று தீர்ப்புச் சொல்லியே பழகிய மனுஷர், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியலடி" என்றார். "நீ சொல்லு."

அவள் கரண்டியை டப்பாவுக்குள் இறக்கினாள். கரண்டி நிறையச் சர்க்கரை ஏறியது. அதை மாவில் போடவும் முடியாமல், டப்பாவிலேயே திரும்பக் கொட்டவும் முடியாமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.